சாரதி இல்லாத ரதம்

கல்லல் ரயில் நிலையத்தில் இறங்கி ஊருக்குள் நடந்து போகிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது பூட்டு. தெருவை அடைத்துக் கொண்டு எழுந்து நிற்கும் பெரிய பெரிய வீடுகள். அவற்றின் கதவுகளில் கைப்பிடி கனமுள்ள பூட்டுகள். பூட்டில்லாத வீடுகளில் எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வயதான அம்மாள் மட்டுமே இருப்பார். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். நல்ல நாள், பெரிய நாள் வந்தால்தான் வளவு நிறைய ஜனங்கள் கூடுவார்கள். மற்ற நாட்களில் அந்த அம்மாளுக்கும் வெளி உலகத்துக்கும் இரண்டே தொடர்புகள்தான்: ஒன்று கையில் இருக்கும் டெலிபோன், மற்றொன்று, கூப்பிட்டால் வந்து நிற்கும் டாக்ஸிக்காரர்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டின் முகப்பில் சென்ற மாதம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு உடைய ஆச்சி; பக்கத்து வீட்டிலிருந்து வந்திருந்த, ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர்; படியில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர்; நான். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பிரயாணத்தில் வந்து நின்றது.

"நான் ஆளே இல்லாத கார்ல போயிருக்கேன், தெரியுமா?" என்றார் ஆச்சி.

டாக்ஸிக்காரர் சிரித்தார். உபாத்தியாயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு மட்டும் தூக்கி வாரிப் போட்டது. ஏனெனில், இந்த விஷயத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துக் கட்டுரை எழுத வேண்டும் என்று நான் எண்ணியிருந்தேனே தவிர, அதில் ஏறி இறங்கிய ஒருவரைக் கல்லலில் சந்திப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஆச்சி இரண்டு வருஷங்களுக்கு முன்பு அமெரிக்காவில் மேல்கரையில் உள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தாராம். ஒரு நாள் பேத்தி, "ஆயா, கோயிலுக்குப் போவோம்" என்று சொல்லி டெலிபோனில் ஏதோ தட்டினாள். வெள்ளைக் கார் ஒன்று வந்து வாசலில் நின்றது. தலையில் ஒரு குடுக்கை சுழல்கிறது. ஓட்டுகிறவர் ஆசனம் காலி!

"வண்டிக்காரன் எங்கே போயிட்டான்னு கேட்டேன், தம்பி. 'இதுக்கு வண்டிக்காரர் கிடையாது, ஆயா'ன்னு சொல்லுது அந்தப் புள்ளை. நான் ஏற மாட்டேன்னு நின்னுட்டேன். அப்புறம் அது அழுவாத குறையாக் கூப்பிடவும், பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை நெனச்சுக்கிட்டு ஏறினேன். அந்தச் சக்கரம் இருக்கே, திருப்புற சக்கரம், அது தானாத் திரும்புது! பேய் பிடிச்ச மாதிரி! கண்ணை மூடிக்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? குறுக்கே ஒரு பொம்பளை குழந்தையைத் தள்ளிக்கிட்டுப் போனா. வண்டி நின்னுச்சு. அவ போற வரைக்கும் பொறுமையா நின்னுச்சு. ஹாரன் அடிக்கலை. சரி, நல்ல குணமான வண்டியாத்தான் இருக்குன்னு நெனச்சேன். மறுநாள் போகையில பாதி வழியில தூங்கியே போயிட்டேன்."

மனித மனத்தைப் பற்றிப் பெரிய பெரிய சர்வகலாசாலைகள் ஆராய்ந்து சொல்வதை ஆச்சி அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். முதல் நாள் பிள்ளையார் துணை, மறுநாள் தூக்கம். இந்த வண்டிகளைப் பற்றிய ஜனங்களின் அபிப்பிராயம் இன்று இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில்தான் எங்கேயோ நிற்கிறது. அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்னும் மோட்டார்காரர் சங்கம் வருஷந்தோறும் வண்டி ஓட்டும் ஜனங்களைக் கேட்டுப் பார்க்கிறது. தானே ஓடும் வண்டியில் நம்பி ஏறுவேன் என்று 2024-ம் ஆண்டில் சொன்னவர்கள் நூற்றுக்கு 9 பேர். 2025-ம் ஆண்டில் 13 பேர். பயமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் அந்த ஆண்டிலும் நூற்றுக்கு அறுபதுக்கு மேல். ஆனால் ஒரு முறை ஏறி இறங்கியவர்களைத் தனியாகக் கேட்டால் கதை மாறிவிடுகிறது. அவர்களிடம் நம்பிக்கை பன்மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. ஏறாதவன் பயப்படுகிறான், பயப்படுகிறவன் ஏறுவதில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு பேத்தி வேண்டியிருக்கிறது.

உபாத்தியாயர் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, "இதில் புதிது என்ன இருக்கிறது? எங்கள் தகப்பனார் காலத்திலேயே ஆளில்லாத வண்டி இந்தச் சீமையில் ஓடியது" என்றார். தேவகோட்டைச் சந்தைக்குப் போய்விட்டு இரவில் திரும்பும் மாட்டு வண்டிகளைச் சொல்கிறார். வண்டிக்காரர் வைக்கோலைப் பரப்பித் தலையைச் சாய்த்துவிடுவார். மாடுகள் தாமாக நடந்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, விடியற்காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்று மணியை ஆட்டும். வீட்டு அம்மாள் வந்துதான் வண்டிக்காரரை எழுப்ப வேண்டும்!

வேடிக்கையாகச் சொன்னாலும் இந்த உவமை மிகவும் பொருத்தமானது. மாடு பழகிய பாதையில்தான் அப்படிப் போகும். புதிய ஊரில் கொண்டுபோய் விட்டால் நின்றுவிடும். அமெரிக்காவின் வேமோ என்னும் கம்பெனியின் வண்டிகளும் அப்படியே. ஒரு நகரத்தில் ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் அந்த நகரத்துத் தெருக்களையெல்லாம் ஓடி ஓடி அளந்து, ஒவ்வொரு நடைபாதை விளிம்பையும் விளக்குக் கம்பத்தையும் படம் எழுதி மனத்தில் வைத்துக் கொள்கின்றன. அந்த எல்லைக்கு வெளியே ஆட்களை ஏற்றிச் செல்வதில்லை. பாதை தெரிந்த பிறகு, பாதையில் குறுக்கே வருவது என்ன என்று பார்க்க வேண்டுமல்லவா? ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் ஓடிப் பெயர் வாங்கிய அவர்களுடைய ஐந்தாம் தலைமுறை வண்டியில் 29 காமிராக்கள். லேஸர் ஒளியை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் லைடார் கருவிகள் ஐந்து. இருட்டிலும் மூடுபனியிலும் உதவும் ராடார்கள் ஆறு. இத்தனை கண்களும் கண்டதைக் கம்ப்யூட்டர் கூட்டிப் பார்த்து, அந்த மனிதர் அடுத்த கணம் எங்கே கால் வைப்பார் என்று ஊகிக்கிறது. ஊகிக்க முடியாமல் திகைத்தால் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரிடம் யோசனை கேட்கிறது. ஆக, 'ஆளே இல்லை' என்பது முழு உண்மையல்ல. ஆள் இருக்கிறார், ஆசனத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கம்பெனி அரிஸோனா மாகாணத்தில் பீனிக்ஸ் நகரத்தையடுத்த பகுதியில் 2020 அக்டோபரில் பொதுஜனங்களை ஆளில்லாமல் ஏற்றத் தொடங்கியது. 2024 ஜூனில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று கதவைத் திறந்தது. 2024 டிசம்பரில் ஸ்விஸ் ரீ என்னும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2 கோடியே 53 லட்சம் மைல் ஓட்டத்தில், மனிதர்கள் ஓட்டும் வண்டிகளோடு ஒப்பிடும்போது, பொருள் சேதத்துக்கு நஷ்ட ஈடு கேட்ட சம்பவங்கள் நூற்றுக்கு 88 வீதமும், உடற் காயத்துக்குக் கேட்டவை 92 வீதமும் குறைவு என்று அது சொல்கிறது. கம்பெனியே கூட உட்கார்ந்து போட்ட கணக்கு என்பதை நேயர்கள் மறக்க வேண்டாம். ஆனாலும் பணம் கொடுக்க வேண்டிய இன்ஷூரன்ஸ்காரன் பார்த்த கணக்கு. அவன் சாதாரணமாக ஏமாறுகிறவன் அல்ல.

புதிய வாகனத்தை நம்புவதென்பது நமது பக்கத்து ஜனங்களுக்கு இது முதல் தடவையன்று. 1910-களில் ஸ்ரீ டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் ரஸ்தா முழுவதும் கிடந்து டயரைப் பதம் பார்த்தனவாம். காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஓட்டி, அந்த ஆணிகளையெல்லாம் பொறுக்க ஏற்பாடு செய்தாராம். அவருடைய பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக் கொண்டார்கள் என்பதும் பிரசித்தம். பஸ்ஸை நம்புங்கள் என்று அவர் பிரசங்கம் செய்யவில்லை, ஆணி பொறுக்கினார்.

நியூயார்க் நகரத்து லிப்ட் கதையும் இதைப் போன்றதே. பொத்தானை அமுக்கினால் தானே ஏறி இறங்கும் லிப்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு சிப்பந்தி நின்று கையால் இயக்கினால்தான் பலருக்கு நிம்மதி. 1945-ம் ஆண்டு செப்டம்பரில் லிப்ட் ஓட்டிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வானளாவும் கட்டிடங்களில் வியாபாரம் ஸ்தம்பித்தது. அதற்கப்புறந்தான், ஆபத்துக்கு ஒரு பொத்தானும் பேசுவதற்கு ஒரு டெலிபோனும் வைத்த தானியங்கி லிப்டுகளுக்குக் கிராக்கி ஏறியது. இன்று காரைக்குடியில் நகைக்கடை லிப்டில் ஏறுகிற எந்த ஆச்சியும் பிள்ளையாரை அழைப்பதில்லை.

இவ்வளவு ஏன்? கல்லலிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்கள் அநேகர் தங்களையறியாமலே சாரதி இல்லாத வண்டியில் ஏறியவர்கள்தான். அங்கே 2003 ஜூனில் திறந்த வடகிழக்கு ரயில் பாதையில் வண்டி ஓட்டுகிறவர் கிடையாது. லிட்டில் இந்தியாவுக்கு மளிகை வாங்கப் போவதும் அதில்தான். டோபி காட் நிலையத்தில் இறங்கி, நகரத்தார் 1859-ல் எழுப்பிய டாங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்து போவதும் அதில்தான். டில்லியில் 2020 டிசம்பர் 28-ந் தேதி மெஜந்தா பாதையில் இந்தியாவின் முதல் ஓட்டுநரில்லா ரயில் ஓடியது. அங்கே உடனே ஆளை எடுத்துவிடவில்லை. சிப்பந்தியைச் சில வருஷம் உள்ளேயே வைத்திருந்து, ஜனங்கள் பழகிய பிறகு படிப்படியாக விலக்கினார்கள். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கென்று ஸ்ரீ சிட்டியில் செய்த ஓட்டுநரில்லா ரயில் 2025 மார்ச்சில் பூந்தமல்லிப் பக்கத்தில் சோதனை ஓட்டம் ஓடியது.

ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு. குறுக்கே ஆடு வராது. தெரு அப்படியல்ல. அதனால்தான் சிங்கப்பூர் சர்க்காரே தெருவென்று வரும்போது மிகுந்த நிதானம் காட்டுகிறது. 2016 ஆகஸ்டில் நூடானமி என்னும் கம்பெனி, தானே ஓடும் டாக்ஸியில் பொதுஜனங்களை ஏற்றும் சோதனையை உலகத்தில் முதன் முதலாக அங்கே நடத்தியது. ஒன்பது வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில், அதே வடகிழக்கு ரயில் பாதையின் கடைசி ஊரான பொங்கோலில் மூன்று தடங்களுக்கு அறிவிப்பு வந்தது. முதலில் ஆட்களை ஏற்றாமல் தெருவைப் பழகுவது. பிறகு பாதுகாப்புக்கு ஒருவர் உள்ளே இருக்க, ஜனங்களை ஏற்றுவது என்பது ஏற்பாடு. ஒன்பது வருஷம் ஆணி பொறுக்கினார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"அதெல்லாம் சரி. இடிச்சா யாரைப் பிடிக்கிறது?" என்று கேட்டார் டாக்ஸிக்காரர்.

இந்த ஒரு கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. யந்திரத்துக்குச் சாமர்த்தியம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. ஆள் யார் என்று கேட்டார்.

2018 மார்ச் 18-ந் தேதி இரவு அரிஸோனாவில் டெம்பி என்னும் ஊரில், சைக்கிளைத் தள்ளிக் கொண்டு தெருவைக் கடந்த ஒரு ஸ்திரீயின் மேல் ஊபர் கம்பெனியின் சோதனை வண்டி மோதியது. அவர் உயிர் இழந்தார். வண்டிக்குள் மேற்பார்வைக்கென்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தார்; பாதையைப் பார்க்காமல் டெலிபோனில் காட்சி பார்த்துக் கொண்டிருந்தார் என்று விசாரணையில் வெளியாயிற்று. கம்பெனியின் மேல் கிரிமினல் வழக்கு இல்லை என்று 2019-ல் சொல்லிவிட்டார்கள். சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் 2023-ல் குற்றத்தை ஒப்புக் கொண்டு, மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். கருவியைச் செய்தவனும் இல்லை, ஏவியவனும் இல்லை. காவலுக்கு வைத்த ஆள்தான் அகப்பட்டார்.

அடுத்த கதை இன்னும் கவனிக்கத் தக்கது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் 2023 அக்டோபர் 2-ந் தேதி, மனிதர் ஓட்டிய ஒரு கார் தெருவைக் கடந்த ஒரு ஸ்திரீயை மோதித் தள்ளிவிட்டு ஓடிப் போயிற்று. அவர் விழுந்தது க்ரூஸ் என்னும் கம்பெனியின் ஆளில்லா டாக்ஸிக்கு முன்னால். அந்த டாக்ஸி அவர் மேல் ஏறி நின்றது. அதோடு நிற்காமல், ஓரமாக ஒதுங்குவதாக எண்ணிக் கொண்டு அவரைச் சுமார் 20 அடி தூரம் இழுத்தும் சென்றது! ஆரம்பத்தில் தவறு செய்தவன் வேறொரு மனிதன்தான். ஆனால் கம்பெனி அதிகாரிகளிடம் விவரம் சொல்லும்போது, மோதியதைச் சொன்னதே தவிர, இழுத்ததைத் தெளிவாகச் சொல்லவில்லை. அதே மாதம் 24-ந் தேதி கலிபோர்னியா மோட்டார் இலாகா அனுமதியை நிறுத்தி வைத்தது. 2024-ல் பொய் அறிக்கை கொடுத்ததை ஒப்புக் கொண்டு கம்பெனி அபராதம் கட்டியது. அந்த வருஷம் டிசம்பரில் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் டாக்ஸித் தொழிலையே கைவிட்டது.

இந்தக் கதையை நான் சொல்லி முடித்ததும் ஆச்சி ஒரு வார்த்தை சொன்னார்: "ஐந்தொகையில தப்பு இருந்தா மன்னிக்கலாம். ஐந்தொகையை மறைச்சா?"

செட்டி நாட்டுக்கு வெளியே உள்ள நேயர்களுக்கு இதை விளக்க வேண்டும். கொண்டுவிற்கப் போன நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த காலத்தில், முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். கடல் கடந்த இடத்தில் லட்சக் கணக்கான ரூபாயைக் கையாளுகிறவர் ஏஜண்டு. அவருக்கு மூன்று வருஷத் தவணை. அவர் என்ன செய்கிறார் என்று முதலாளி கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் பேரேட்டிலிருந்து எடுத்த ஐந்தொகை ஊருக்கு வந்து கொண்டிருக்கும். அதைத் திண்ணையில் விரித்து வைத்து வரி வரியாகப் பார்ப்பார்கள். நஷ்டம் வந்த ஏஜண்டுக்கு மறு தவணை கிடைத்ததுண்டு. கணக்கு ஒளித்தவருக்குக் கிடைத்ததில்லை. கண்ணால் காணாத ஒருவரைப் பெரும் பணத்தோடு நம்புவது எப்படி என்ற வித்தையைப் பல தலைமுறை நடத்திக் காட்டிய ஊர்கள் இவை. ஆளில்லாத வண்டியைப் பற்றி இவர்கள் கேட்கும் கேள்வியை அமெரிக்க எஞ்சினியர்கள் பட்டிக்காட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

சட்டம் இன்னும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொண்டுதான் இருக்கிறது. 2025 செப்டம்பரில் கலிபோர்னியாவில் ஸான் ப்ரூனோ என்னும் ஊரில், திரும்பக் கூடாத இடத்தில் திரும்பிய ஒரு டாக்ஸியைப் போலீஸார் மறித்தார்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. அபராதச் சீட்டை யார் கையில் கொடுப்பது? சீட்டுப் புத்தகத்தில் யந்திரம் என்று எழுத இடமில்லையே என்று அவர்களே வேடிக்கையாக எழுதினார்கள். அதற்கும் முன்பே, 2024-ல், இனிக் கம்பெனிக்கே குற்ற அறிவிப்புக் கொடுக்கலாம் என்று அந்த மாகாணம் சட்டம் இயற்றியிருந்தது. அது அமலுக்கு வரக் குறித்த காலம் 2026 ஜூலை. பிரிட்டனில் 2024 மே மாதம் நிறைவேறிய சட்டம், வண்டி தானே ஓடும்போது நடப்பதற்கு உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பிடிக்கக் கூடாது, வண்டிக்கு அனுமதி வாங்கிய நிறுவனத்தையே கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நமது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமோ ஓட்டுகிறவர் என்று ஒரு மனிதர், கையில் லைசென்ஸோடு இருப்பதாகவே வைத்து எழுதப்பட்டது.

நமது தேசத்தில் இந்த வண்டிக்குக் கதவு மூடியே இருக்கிறது. மூடியவர் மத்திய போக்குவரத்து மந்திரி ஸ்ரீ நிதின் கட்கரி. 2017-லும், மறுபடி 2023 டிசம்பரில் நாகபுரியிலும், ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும் என்பதால் இவற்றை அனுமதிக்கப் போவதில்லை என்று சொன்னார். பெரும்பான்மையோர் அதற்குக் கை தட்டுவார்கள், நானும் தட்டியவன்தான். ஆனால் தட்டிய கையோடு மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நமது தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் அந்த வருஷம் இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு: 64,105. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே மனிதர்கள் ஓட்டிய வண்டிகள்.

டாக்ஸிக்காரர் இந்த எண்களைத் தலையை அசைத்துக் கேட்டுக் கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அண்ணே, அந்த வண்டி தூங்காதுன்னு சொல்றீக. எனக்கு மட்டும் தூங்கணும்னு ஆசையா? ராத்திரி ரெண்டு மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டுல ஆளை எறக்குறேன். திரும்பி வந்தா ஆறு மணிக்குக் கல்யாணச் சவாரி. வேண்டாம்னு சொன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டாக. வண்டிக்குத் தவணை மாசம் பிறந்தாக் கட்டணும். என்னை ஆறு மணி நேரம் தூங்க விட்டா நானும் இடிக்க மாட்டேன்."

எல்லாரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். யந்திரம் சிறந்ததா, மனிதன் சிறந்தவனா என்று நாம் தராசு பிடிக்கிறோம். ஒரு தட்டில் லேஸர் கண்களோடு சகல சௌகரியங்களும் பெற்ற யந்திரத்தை வைக்கிறோம். மறு தட்டில் நாம் வைப்பது தூக்கமில்லாத, கடன்பட்ட மனிதரை. இது நியாயமான நிறுவையாக எனக்குத் தோன்றவில்லை.

ஆச்சிக்கும் அந்த அமெரிக்க வண்டியின் பேரில் ஒரு குறை இருந்தது. கோயில் வாசலில் நிற்காமல் எங்கேயோ நூறு அடி தள்ளி நின்றுவிட்டதாம். "இறங்கக் கை கொடுக்க ஆளில்லை. முட்டி வலி வண்டிக்குத் தெரியுமா? இவன்னா, மதுரையில கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போனா உள்ளே வரைக்கும் கூட வருவான். சீட்டு எடுப்பான். மருந்துக் கடையில நின்னு வாங்கியாருவான். வழியில காப்பி வாங்கிக் குடுப்பான். ஓட்டுறது மட்டுமா இவன் வேலை?" என்றார். ஓட்டுவது அவர் செய்யும் வேலைகளில் ஒன்று. மற்ற வேலைகளுக்குக் கூலி எந்த மீட்டரிலும் காட்டுவதில்லை. பூட்டிய வீடுகள் பெருகியிருக்கும் இந்த ஊர்களில், தூர தேசத்துப் பிள்ளைகள் செய்ய முடியாத காரியங்களைச் செய்கிறவர் டாக்ஸிக்காரர்தான். அமெரிக்காவில் அந்தப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் கொண்டிருந்தாள். கல்லலில் ஆச்சி தனியாக அல்லவா ஏற வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. 2025 டிசம்பர் 20-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் பெரும் மின்தடை. தெரு விளக்குகளும் போக்குவரத்து விளக்குகளும் அணைந்து போயின. நாற்சந்திகளில் வேமோ வண்டிகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆங்காங்கே நின்றுவிட்டன. கம்பெனி சவாரியையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதற்குக் கொஞ்சம் முன்பு, நிற்கும் பள்ளிக்கூட பஸ்ஸைத் தாண்டிப் போன குற்றத்துக்காக அதே வண்டிகளின் கம்ப்யூட்டர் புத்தியைத் திருத்த வேண்டி வந்தது. விளக்கு அணைந்தால் திகைக்கும் வண்டி, விளக்கே இல்லாத கல்லல் முக்கில் என்ன செய்யும்? ரஸ்தாவில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருக்கும். எதிரே செம்மறி ஆட்டு மந்தை. பின்னால் ஹாரனை விடாமல் அமுக்கும் தனியார் பஸ். பொங்கலை ஒட்டி மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில் அவிழ்த்து விட்ட காளையும், அதன் பின்னே ஒரு நூறு வாலிபர்களும்! இவர்களில் யார் அடுத்த கணம் எங்கே கால் வைப்பார் என்று ஊகிக்கும் கம்ப்யூட்டரை ஸான் பிரான்ஸிஸ்கோவில் வளர்க்க முடியாது. இந்தத் தெருவிலேயே வளர்க்க வேண்டும். ஐதராபாத் ஐ. ஐ. டி. வளாகத்தில் நம்மவர்களே செய்த ஓட்டுநரில்லாப் பஸ் வண்டிகளைச் சோதித்து வருகிறார்கள். பெங்களூரிலும் போபாலிலும் இளைஞர்கள் சிறு கம்பெனிகள் வைத்து, நமது ஒழுங்கில்லாத போக்குவரத்துக்கென்றே யந்திரங்களைப் பழக்க முயல்கிறார்கள். நமது தெருக்களின் அளவும், அதில் போகிற வருகிறவர்களின் முகமும் நாளைக்கு எந்த நாட்டுப் பேரேட்டில் பதிவாகப் போகிறது என்று கவலைப்படுகிறவர்கள், இந்தப் பிள்ளைகளின் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

இருட்டிவிட்டது. உபாத்தியாயர் எழுந்தார். நான் ஆச்சியிடம், "அந்த வண்டி கல்லலுக்கு வந்தால் ஏறுவீர்களா?" என்று கேட்டேன்.

"வாசல்ல வந்து நிக்கட்டும். யாரு வீட்டு வண்டின்னு கேப்பேன். பேரைச் சொல்றவன் ஒருத்தன் இருந்தா ஏறுவேன். இல்லைன்னா இவன் இருக்கான்" என்றார்.

டாக்ஸிக்காரருக்கு அன்றிரவு பன்னிரண்டு மணிக்குத் திருச்சி விமான நிலையத்துக்குச் சவாரி இருந்தது. முந்தின இரவும் அவர் தூங்கவில்லை என்பது பேச்சோடு பேச்சாக வெளியே வந்தது. ஆச்சி உள்ளே போய் ஒரு தலையணையும் ஜமக்காளமும் கொண்டு வந்து முகப்பில் போட்டார்.

"பதினொண்ணரைக்கு எழுப்புறேன். படு" என்றார்.

"வேண்டாம் ஆச்சி, வண்டியிலேயே..."

"சாவியைக் குடு."

அவர் கொடுத்தார். ஆச்சி அதை மடியில் செருகிக் கொண்டு, கதவோரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் படி இறங்குவதற்குள் டாக்ஸிக்காரர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.